ஹார்வர்டு, எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு: பிள்ளையின் வாய்ப்பை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவில் பதினோராம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "எஸ்ஏடி 1550, ஜிபிஏ 4.0. ஸ்டான்ஃபோர்டு கிடைக்குமா?" எஸ்ஏடி என்பது கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு, ஜிபிஏ என்பது பள்ளி மதிப்பெண்களின் சராசரி. அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று வருபவர் பெரும்பாலும் எதையோ விற்க வந்தவர். அதற்காக எடைபோடவே முடியாது என்றும் இல்லை. வேண்டிய தகவலில் முக்கால்வாசி பொதுவில், இலவசமாகவே கிடைக்கிறது. அதை எங்கே தேடுவது, எந்த வரிசையில் பார்ப்பது, பார்த்ததை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை மனதில் வைத்து எழுதியது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குக் கடைசிக்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறது.

கட்-ஆஃப் என்ற நினைப்பை முதலில் விடுங்கள்

அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 200க்கு 199 எடுத்தவர் 198 எடுத்தவருக்கு முன்னால் நிற்பார், அதில் பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவின் மேல்தட்டுப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. 

சேர்க்கையில் ஆசிய அமெரிக்கர்களுக்குப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது தொடரப்பட்ட வழக்கு 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அதுவரை மூடி வைத்திருந்த பல விவரங்கள் வெளியே வந்தன. 2015இல் சேர்ந்த வகுப்புக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் ஏறத்தாழ 26,000 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களில் 8,000க்கும் மேற்பட்டோருக்கு ஜிபிஏ முழுசு. எஸ்ஏடி கணிதத்தில் 800க்கு 800 வாங்கியவர்கள் 3,400 பேருக்கு மேல். ஹார்வர்டு அந்த ஆண்டு இடம் கொடுத்ததோ, எல்லா நாட்டவரையும் சேர்த்து சுமார் 2,000 பேருக்குத்தான். ஆக, முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளிலேயே பெரும்பாலானவர்களுக்கு இடமில்லை. மதிப்பெண் குறைந்தால் வாய்ப்பு போய்விடும் என்பது உண்மை. மதிப்பெண் இருந்தால் வாய்ப்பு வந்துவிடும் என்பது உண்மையல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதிக் குழப்பம் தீரும்.

அதனால் எடைபோடும்போது கேட்கவேண்டிய கேள்வி "எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்பதல்ல. "வெளியிடப்படும் சேர்க்கை விகிதங்களில் எது என் பிள்ளைக்குப் பொருந்தும்?" என்பதே.

முதல் படி: பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது?

ஹார்வர்டில் 2024 சேர்க்கைக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. விகிதம் 3.6 சதவீதம். இந்த எண் பல வேறு வரிசைகளின் சராசரி. வழக்கில் வெளியான கணக்குப்படி, பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைத்த விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கும், ஹார்வர்டில் படித்தவர்களின் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பெரும் நன்கொடையாளர்களோடு தொடர்புள்ளவர்கள், அங்கே வேலை பார்க்கும் பேராசிரியர்களின் பிள்ளைகள் ஆகியோருக்கும் தனிக் கவனம் உண்டு. இவர்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், நம் வீட்டுப் பிள்ளை நிற்கும் வரிசையின் விகிதம் வெளியே சொல்லப்படுவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அப்பா கிண்டியில் படித்தார், அம்மா பிஎஸ்ஜியில் படித்தார் என்பது இங்கே செல்லாது. கணவனோ மனைவியோ இதே பல்கலைக்கழகத்தில் எம்எஸ் படித்திருந்தால் கணக்கில் வருமா என்று பலர் கேட்கிறார்கள். ஹார்வர்டு போன்ற இடங்களில் இளங்கலை படித்தவர்களைத்தான் முன்னாள் மாணவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எம்ஐடி, கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மூன்றும் இந்த வாரிசுச் சலுகையைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது குடியுரிமை. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளை ஒரு வரிசை. ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான விசாவில் இருக்கும் பிள்ளை, ஐந்து வயதில் வந்து இங்கேயே வளர்ந்திருந்தாலும், பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவராகத்தான் எண்ணப்படும். ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தின் வழியாக வரும் மத்திய அரசின் நிதியுதவியும் அவர்களுக்குக் கிடையாது. விண்ணப்பத்தை எந்த வரிசையில் வைப்பீர்கள், நிதியுதவிக்கு என்ன விதி, மாநிலவாசிக் கட்டணம் உண்டா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். இதைப் பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில் கண்டுபிடித்துத் திணறும் குடும்பங்கள் நிறைய.

இரண்டாம் படி: பள்ளிக்குள் பிள்ளை எங்கே இருக்கிறது?

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலர் உங்கள் பகுதிக்கென்றே நியமிக்கப்பட்டவர். உங்கள் பள்ளியிலிருந்து வரும் எல்லா விண்ணப்பங்களும் பெரும்பாலும் அவர் மேசைக்குத்தான் போகும். அவர் கையில் 'ஸ்கூல் புரொஃபைல்' என்ற ஒரு தாள் இருக்கும். பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் (கல்லூரி மட்டப் பாடங்கள்), மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, தரவரிசை உண்டா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளைப் பள்ளி இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். இல்லையென்றால் கவுன்சிலரிடம், அதாவது பள்ளியின் ஆலோசகரிடம் கேட்டால் தருவார். முதல் வேலையாக அதை எடுத்துப் படியுங்கள்.

படித்தால் தெரியும், பிள்ளையின் 4.0 தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. பள்ளியில் 25 ஏபி பாடங்கள் இருந்து பிள்ளை 5 எடுத்திருந்தால் அது ஒரு கதை. 6 ஏபி மட்டுமே இருக்கும் பள்ளியில் 5 எடுத்திருந்தால் அது வேறு கதை. கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோ, நியூ ஜெர்சியின் எடிசன், டெக்சஸின் ஃபிரிஸ்கோ போல நம்மவர்கள் அதிகம் வாழும் ஊர்ப் பள்ளிகளில் முழு ஜிபிஏ வைத்திருக்கும் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். நல்ல பள்ளி என்று தேடிப்போய் வீடு வாங்கினோமே, அதன் இன்னொரு முகம் இது.

கவுன்சிலரிடம் இன்னொன்றும் கேளுங்கள். நாவியன்ஸ், ஸ்காயர் போன்ற மென்பொருள்களில் உங்கள் பள்ளியிலிருந்து முந்தைய ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களின் ஜிபிஏயும் எஸ்ஏடியும் புள்ளிகளாகப் போட்டிருக்கும். பச்சைப் புள்ளி இடம் கிடைத்தவர், சிவப்பு கிடைக்காதவர் என்பது போல. உங்கள் பிள்ளையின் இடம் எங்கே வருகிறது என்று பாருங்கள். சுற்றிலும் பச்சையாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஸ்டான்ஃபோர்டு படத்தின் வலது மேல் மூலையில்கூடச் சிவப்பே அதிகமாக இருக்கும், அதைப் பார்த்து யாரும் சோர்ந்துவிட வேண்டாம். அந்தப் பச்சைகளில் ஒன்றிரண்டு விளையாட்டு வீரர்களாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்; புள்ளி அதைச் சொல்லாது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், அதாவது யூசி, ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் பெர்க்லி, யுசிஎல்ஏ, சான் டியேகோ என்று ஒவ்வொரு வளாகத்துக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, அவர்களின் சராசரி ஜிபிஏ என்ன என்று தன் தகவல் மையத் தளத்தில் ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. பள்ளிப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். யூசி ஜிபிஏ என்பது பள்ளி போடும் ஜிபிஏ அல்ல, பத்து, பதினோராம் வகுப்புப் பாடங்களை வைத்து அவர்கள் தனியாகப் போடும் கணக்கு. ஒப்பிடும் முன் அந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தேர்வு மதிப்பெண்

இது சுலபம், சீக்கிரம் முடித்துவிடலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி பிரிவைத் திறங்கள். சி1இல் மொத்த விண்ணப்பமும் சேர்க்கையும். சி7இல் எதற்கு எவ்வளவு மதிப்பு என்ற அட்டவணை. சி9இல் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி எல்லைகளும், அதற்கு மாற்றான ஏசிடி தேர்வின் எல்லைகளும். பிள்ளையின் மதிப்பெண் அங்கே தரப்பட்டிருக்கும் நடுப்பகுதிக்குள், அதிலும் அதன் மேல்பாதியில் இருந்தால், தேர்வு வேலை முடிந்தது. எம்ஐடியில் கணிதத்தின் கீழ் எல்லையே 780 அளவில் இருக்கும். 1540 வாங்கிய பிள்ளையை 1580க்காக மூன்றாம் முறை எழுத அனுப்புவது ஒரு சனிக்கிழமையை வீணாக்குவது.

கொரோனா காலத்தில் தேர்வு கட்டாயமில்லை என்றிருந்தது மேல்தட்டு இடங்கள் பலவற்றில் முடிந்துவிட்டது. எம்ஐடி 2022இலேயே திரும்பக் கேட்க ஆரம்பித்தது. யேல், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்டு எல்லாம் 2024இல் அறிவித்தன. யூசி மட்டும் நேர் எதிர்: நீங்கள் அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்க்க மாட்டார்கள். யூசிதான் இலக்கு என்றால் எஸ்ஏடிக்குப் போகும் நேரத்தை வேறு எதற்காவது கொடுங்கள்.

நான்காம் படி: எந்தத் துறை, எந்த மாநிலம்?

நம் குடும்பங்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. "இல்லினாய் பல்கலைக்கழகமா? பத்துக்கு நாலு பேருக்குக் கிடைக்கிறதே" என்று பாதுகாப்பான பட்டியலில் போட்டுவிடுவார்கள். அது மொத்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அதே அர்பானா-ஷாம்பெய்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைப்பதில்லை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் இன்னும் கடுமை: அங்கே வெளி மாநிலத்திலிருந்து நேரடியாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்பவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். ஐவி லீகைவிடக் கடினமான ஒன்றை 'நிச்சயம் கிடைக்கும்' பட்டியலில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

"வேறு துறையில் சேர்ந்துவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்ற பழைய யோசனை இப்போது பல பொதுப் பல்கலைக்கழகங்களில் எடுபடாது. கதவை உள்ளிருந்தே பூட்டிவிட்டார்கள். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி போன்ற இடங்களில் துறைவாரியாகச் சேர்ப்பதில்லை என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை இல்லை.

மாநிலமும் அதே அளவு முக்கியம். டெக்சஸில் 1997இல் வந்த சட்டப்படி, பள்ளித் தரவரிசையில் முதல் 10 சதவீதத்தில் உள்ள மாணவருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விலக்கு; அங்கே எல்லை முதல் 6 சதவீதமாக இருந்து, 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இதையும் கவனியுங்கள்: தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம்தான், கேட்ட துறையில் இடம் அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் மெக்கோம்ஸ் வணிகக் கல்லூரிக்கும் கட்டுரை, செயல்பாடுகள் எல்லாம் பார்த்துத்தான் முடிவு. வட கரோலினாவின் சேப்பல் ஹில் வளாகத்தில் வெளி மாநிலத்தவருக்கு 18 சதவீத உச்சவரம்பு. ஆகவே பொதுப் பல்கலைக்கழகம் எதுவாக இருந்தாலும் மூன்று எண்களைத் தேடுங்கள்: மொத்த விகிதம், உங்கள் மாநிலத்தவருக்கான விகிதம், கேட்கும் துறையின் விகிதம். மூன்றில் சிறியதையே உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: செயல்பாடுகளை அந்நியர் கண்ணால் படியுங்கள்

பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், விருதுகளுக்கு ஐந்து இடம். ஒவ்வொரு செயல்பாட்டையும் விவரிக்க 150 எழுத்து, சொல்லல்ல எழுத்து. பதினோராம் வகுப்பு பாதியிலேயே பிள்ளையை உட்கார வைத்து இந்தப் பட்டியலை ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் பெற்றவர் என்பதை மறந்துவிட்டுப் படியுங்கள்.

படிக்கும்போது ஒவ்வொன்றும் எந்த மட்டம் என்று பிரிக்கலாம். உச்சியில் நாட்டளவில் பெயர் சொல்லும் காரியங்கள்: சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு அமெரிக்கா அனுப்பும் ஆறு பேரில் ஒருவர், ரீஜெனரான் அறிவியல் போட்டியின் 40 இறுதிப் போட்டியாளர்களில் ஒருவர், எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ கோடை ஆய்வுக்குத் தேர்வானவர். இவர்களுக்கு உண்மையிலேயே கணக்கு வேறு. அதற்கு அடுத்து, மாநில அளவில் தெரியும் வேலை, ரீஜெனரானின் 300 பேர் பட்டியல், அமெரிக்கக் கணித ஒலிம்பியாடான யுஎஸ்ஏஎம்ஓ வரை போவது, அல்லது உண்மையான ஆட்கள் பயன்படுத்தும் ஒன்றை உருவாக்கியிருப்பது. அதற்கும் கீழே பள்ளிக் குழுத் தலைவர், அணித் தலைவர், செய்தித்தாள் ஆசிரியர். எல்லாவற்றுக்கும் கீழே வெறும் உறுப்பினர். பெரும்பாலான நல்ல பிள்ளைகள் மூன்றாம் மட்டத்தில் இருப்பார்கள். அதில் வெட்கமில்லை. ஆனால் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக எடுக்கும் இடங்களில் மூன்றாம் மட்டம் மட்டும் இருந்தால், வாய்ப்பு அந்த ஐந்து சதவீதத்துக்கும் கீழேதான்.

அரங்கேற்றம் பற்றிக் கேட்காதவர் இல்லை. பத்து ஆண்டு பரதநாட்டியம், ஒரு மாலை முழுக்கத் தனியாக ஆடுவது, அது பெரிய உழைப்பு. சேர்க்கை அலுவலர்களும் இந்தச் சொல்லை இப்போது அறிவார்கள். அறிவார்கள் என்பதுதான் சிக்கலும். நம் பகுதிகளிலிருந்து வரும் விண்ணப்பங்களில் அவர்கள் அதை நிறையப் பார்த்திருக்கிறார்கள். அரங்கேற்றம் நடந்தது என்பதற்குத் தனியாகப் பெரிய எடை இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கலையை வைத்துப் பிள்ளை என்ன செய்தது என்பதற்கு எடை உண்டு. கர்நாடக இசையிலோ நடனத்திலோ உண்மையிலேயே தேர்ந்த பிள்ளை என்றால், சில பல்கலைக்கழகங்கள் தனியாகக் கலைப் பதிவுகளைப் பெற்றுக்கொள்கின்றன. சி7 அட்டவணையில் திறமைக்கு என்ன மதிப்பு என்று பார்த்துவிட்டு அனுப்பலாம். தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதும் அப்படியே. வாரம் இரண்டு மணி நேரம் உதவி ஆசிரியராக இருந்தது ஒரு வரி. புதிய பாடத்திட்டம் எழுதி அதை நாலு பள்ளிகள் எடுத்துக்கொண்டது வேறு வரி.

பெயர்பெற்ற வளாகத்தில் பல ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு நடத்தும் கோடை வகுப்புகளில் பெரும்பாலானவை அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு எந்த உதவியும் செய்வதில்லை. பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அனுப்புங்கள், வாய்ப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். காசு கொடுத்து ஆய்வுக் கட்டுரையில் பெயர் சேர்க்கும் கடைகள் பற்றி நான் சொல்ல விரும்புவது அச்சில் வராது.

கட்டுரைகளும் ஆசிரியர் கடிதங்களும்? அவற்றை வீட்டில் உட்கார்ந்து எடைபோட முடியாது. பிள்ளையின் கட்டுரை அருமை என்று நமக்குத் தோன்றும், தோன்றத்தான் செய்யும். கணக்கில் நடுநிலையாக வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

ஆறாம் படி: பணம்

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசுச் சட்டம். வருமானம், சேமிப்பு விவரம் போட்டால் உங்கள் குடும்பம் ஏறத்தாழ எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும். இதை வாய்ப்புக் கணக்குக்கு முன்பே செய்யலாம். கிடைத்தாலும் அனுப்ப முடியாத இடத்துக்கு எதற்குக் கணக்கு? ஹார்வர்டும் எம்ஐடியும் 2025 முதல், வழக்கமான சொத்துள்ள, ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்கு உட்பட்ட குடும்பங்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதனால் பெரிய பெயர் என்றாலே செலவு அதிகம் என்று நினைக்க வேண்டியதில்லை. பல வீடுகளுக்கு வெளி மாநிலப் பொதுப் பல்கலைக்கழகம்தான் அதிகச் செலவு.

ஏழாம் படி: முன்கூட்டியே விண்ணப்பித்தால்?

நவம்பர் 1இல் அனுப்பி டிசம்பர் நடுவில் பதில் பெறும் முறை இரண்டு வகை. எர்லி டிசிஷன் என்றால் கிடைத்தால் போய்த்தான் ஆகவேண்டும். போதிய நிதியுதவி தராவிட்டால் மட்டுமே விலகலாம். பிரவுன், கொலம்பியா, கார்னெல், பென், டியூக், ரைஸ் எல்லாம் இந்த வகை. எர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டாயம் இல்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு நான்கும் அதிலேயே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கின்றன: எங்களுக்கு முன்கூட்டியே அனுப்பினால் இன்னொரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு அப்படி அனுப்பக் கூடாது.

பிரவுனில் 2024 சேர்க்கைக்கு மொத்த விகிதம் 5.2 சதவீதம். எர்லி டிசிஷனில் 14.4 சதவீதம். அதைக் கழித்துவிட்டு ஜனவரிச் சுற்றை மட்டும் பார்த்தால் நாலு சதவீதத்துக்கும் கீழே. மூன்று நாலு மடங்கு வித்தியாசம் என்று துள்ள வேண்டாம், அந்த 14.4க்குள் விளையாட்டு வீரர்களும் முன்னாள் மாணவர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சாதாரணப் பிள்ளைக்கும் ஓரளவு கூடுதல் வாய்ப்பு உண்டு என்பது என் கணிப்பு, ஆனால் அது நாலு மடங்கு அல்ல. இந்த ஒரே சீட்டை எட்டாத இடத்தில் போடுவதா, எட்டக்கூடிய இடத்தில் போடுவதா என்பதே உண்மையான முடிவு. நான் பெரும்பாலும் இரண்டாவதையே சொல்வேன்.

எட்டாம் படி: பட்டியலைப் பிரிப்பது

இப்போது ஒரு கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம்மில் பொறியாளர்கள் அதிகம், எனவே இதை யாராவது போட்டே தீருவார்கள்: "ஒவ்வொன்றிலும் 5 சதவீதம், இருபது இடத்துக்கு அனுப்பினால் ஒன்றிலாவது கிடைக்க 64 சதவீத வாய்ப்பு." கணிதம் சரி, முடிவு தப்பு. இருபது முறையும் தனித்தனியாகப் பகடை உருட்டினால்தான் அந்தக் கணக்கு வரும். இங்கே இருபது இடத்துக்கும் போவது ஒரே டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பட்டியல்), ஒரே ஆசிரியர் கடிதங்கள், ஒரே பத்துச் செயல்பாடுகள். ஒரு இடத்தில் எடுபடாத காரணம் மற்ற இடங்களிலும் எடுபடாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. இருபது ஐவி வகைக் கல்லூரிகளுக்கு அனுப்பி ஒன்றுகூடக் கிடைக்காமல் ஏப்ரலில் திகைத்து நிற்கும் 1570 பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

பிரிப்பதற்கு நான் சொல்லும் விதி முரட்டு விதி. பொருந்தும் விகிதம் 15 சதவீதத்துக்குக் கீழே உள்ள எதுவும், பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எட்டாக்கனி பெட்டிக்குள். பிள்ளையின் எண்கள் சேர்ந்தவர்களின் மேல்பாதியில் இருந்து, விகிதம் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுப்பெட்டி. எழுத்துபூர்வமான உத்தரவாதமோ, பள்ளியின் புள்ளிப்படத்தில் சுற்றிலும் பச்சையோ இருந்து, கட்டணமும் கட்ட முடிந்து, பிள்ளை அங்கே போகச் சம்மதித்தால் மட்டுமே நிச்சயப் பெட்டி. கடைசி நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். டாலஸ் புறநகர்ப் பள்ளி, தரவரிசையில் முதல் 8 சதவீதம், எஸ்ஏடி 1540, கிரீன் கார்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். ரோபாட்டிக்ஸ் அணியில் நிரல் எழுதும் குழுவின் தலைவி, கணிதப் போட்டியில் யுஎஸ்ஏஎம்ஓவுக்கு முந்தைய சுற்றான ஏஐஎம்இ வரை ஒருமுறை போயிருக்கிறார், அரங்கேற்றம் முடிந்தது. எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு: எண்கள் உள்ளே விடும், செயல்பாடுகள் மூன்றாம் மட்டம், எட்டாக்கனி. ஆஸ்டின்: முதல் 5 சதவீதத்தில் இல்லாததால் தானியங்கி இடம் இல்லை, துறையோ கடினம், இதுவும் எட்டாக்கனிதான், வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரைஸ்: எர்லி டிசிஷன் சீட்டைப் போட யோசிக்கக்கூடிய இடம். ஜார்ஜியா டெக்: வெளி மாநிலத்தவருக்கு இறுக்கம், எட்டாக்கனி. டெக்சஸ் ஏ அண்ட் எம்: முதல் 10 சதவீதத்தில் இருப்பதால் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி, ஆனால் பொறியியலுக்குள் எந்தத் துறை என்பது முதலாண்டு மதிப்பெண்ணைப் பொறுத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம்: இடம் உறுதி, வீட்டுக்குப் பக்கம், எஸ்ஏடிக்கு முன்னோடியான பிஎஸ்ஏடி தேர்வு வழியாக நேஷனல் மெரிட் என்ற தகுதி கிடைத்தால் பெரிய உதவித்தொகையும் தருகிறார்கள். இந்தப் பட்டியலில் குறைவது நடுப்பெட்டி. இன்னும் மூன்று நாலு இடம் அங்கே தேட வேண்டும்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும், இன்னும் கடுமையாக. எம்ஐடியில் மொத்த விகிதம் 4.5 சதவீதம் என்றால், வெளிநாட்டு மாணவர்களுக்கு அது 2 சதவீத அளவுதான்.

பணம் இங்கே நேரடியாக வாய்ப்பையே மாற்றும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சில இடங்கள் மட்டுமே, வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்கிறாரா இல்லையா என்பதைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு உட்படப் பெரும்பாலான இடங்களில், உதவி கேட்டால் அதுவும் தராசில் ஏறும். ஆகவே உதவி வேண்டும் என்பவர் ஒரு பட்டியலும், வேண்டாம் என்பவர் வேறு பட்டியலும் போட வேண்டும். காமன் டேட்டா செட்டில் எச் பிரிவைப் பார்த்தால் வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு தந்தார்கள் என்று இருக்கும்.

இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணும் கேட்பார்கள். பத்தும் பன்னிரண்டும்தான் முக்கியம் என்று ஒன்பதையும் பதினொன்றையும் கோட்டை விட்ட பிள்ளைகளுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வருவதற்குள் பல்கலைக்கழகங்கள் முடிவை அறிவித்திருக்கும் என்பதால், பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணுக்கே எடை. கவுன்சிலர் என்ற பதவியே இல்லாத பள்ளியில் அந்தக் கடிதத்தைத் தலைமை ஆசிரியர் எழுத வேண்டியிருக்கும். என்ன எழுத வேண்டும் என்று அவருக்கு ஜூலையிலேயே எடுத்துச் சொல்லுங்கள்.

எப்போது திரும்பிப் பார்ப்பது?

இந்த எடையை ஒருமுறை போட்டுவிட்டு மூடி வைக்காதீர்கள். பதினோராம் வகுப்பு ஜனவரியில் முதல் முறை. ஜூன் மாதம் ஆண்டு இறுதி மதிப்பெண்ணும் எஸ்ஏடியும் வந்தபின் இரண்டாம் முறை. பட்டியல் அப்போது பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குள் வர வேண்டும். டிசம்பர் நடுவில் முன்கூட்டிய முடிவுகள் வந்ததும் மூன்றாம் முறை. அதில் கிடைக்கவில்லை, அல்லது அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டார்கள் என்றால், ஜனவரி 1க்கு முன் இரண்டு வாரம்தான் இருக்கும். அந்த இரண்டு வாரத்தில் கோபத்தோடு இன்னும் ஐந்து எட்டாக்கனிகளைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. சேர்ப்பதாக இருந்தால் நடுப்பெட்டியில் சேருங்கள். பள்ளி விடுமுறையில் கவுன்சிலர் அலுவலகம் மூடியிருக்கும், எனவே கூடுதல் இடங்களுக்கான பள்ளி ஆவணங்களை விடுமுறை விடுவதற்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.